ஆணி வரிசை

காய்ந்த கொம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என்ன ஏது என்று திரும்புவதற்குள் அத்தானின் வலது கால் தொடைவரை தளத்துக்குள் இறங்கிவிட்டது.

கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அலறினார்கள். அவர்கள் தலைக்கு மேல் சீலிங் அட்டை பிளந்து தூசியும் தும்புமாகக் கொட்டியது. அதற்கு நடுவே சாம்பல் நிறக் காலுறை மாட்டிய ஒரு கால் தொங்கி ஆடியது.

மேலே, ஓட்டுக்கூரையின் சரிவுக்கு அடியில், நான்கு பேர் ஒரு கெட்டிப் போர்வையின் நான்கு முனைகளைப் பிடித்தபடி குனிந்து நின்றார்கள். போர்வைக்குள் அப்பா. அன்று விடியற்காலையில் தூக்கத்திலேயே போயிருந்தார். சில வருடங்களாக இந்த மச்சு அறையில்தான் அவருக்குப் படுக்கை. அவரைக் கீழே இறக்கிக் கூடத்தில் கிடத்துவதற்காகத்தான் நால்வரும் ஏறியிருந்தார்கள். தலைமாட்டில் மகனும் அடுத்த வீட்டுத் தையல்காரரும். கால்மாட்டில் எதிர்வீட்டு மெக்கானிக்கும், பின்பக்கமாக நடந்து வந்த அத்தானும், அதாவது அக்காவின் கணவரும்.

"பார்த்துக் கால வைக்கக் கூடாதா அத்தான்!" என்று மகன் கத்தினான்.

வலியில் அத்தானின் முகம் கோணியது. ஆனால் கையிலிருந்த போர்வை முனையை மட்டும் விடவில்லை. ஒரு கால் கீழே தொங்க, மறு கால் பலகைமேல் மடங்கிக் கிடக்க, மாமனாரின் பாதம் தரையில் இடித்துவிடாமல் அந்த முனையை நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார்.

அப்போது படிவாசலில் மகனுடைய மனைவியின் தலை தெரிந்தது.

"யாரும் அசையாதீங்க. ஆணித்தலை தெரியுதில்ல? அந்த வரிசைமேல மட்டும் கால வைங்க, அதுக்கு அடியிலதான் சட்டம் ஓடுது. தையல்காரண்ணே, நீங்க நிக்கிறது தப்பு, ஒரு அடி இடது பக்கம் வாங்க. ஆங், அங்கதான்."

தையல்காரர் மறுபேச்சில்லாமல் நகர்ந்தார். மெக்கானிக் ஏற்கெனவே ஆணி வரிசைமேல்தான் நின்றுகொண்டிருந்தார். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தளத்தில் பளபளத்த ஆணித்தலைகளின்மேல் ஒவ்வோர் அடியாக வைத்து, கயிற்றில் நடப்பவளைப்போல வந்து, அத்தான் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க மெதுவா கால உருவுங்கண்ணே. மாமாவ நான் பிடிச்சுக்கறேன்."

"உனக்கெப்படித் தெரியும் இதெல்லாம்?" என்றான் அவன்.

"மொதல்ல மாமாவ இறக்குங்க" என்றாள்.

அந்தத் தளத்தைப் போட்டவன் அவன். ஒவ்வொரு பலகையும் அவன் கையால் அறுத்தது, ஒவ்வோர் ஆணியும் அவன் அடித்தது. அதன்மேல் எப்படி நடப்பது என்பது வீட்டில் அவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டில் அவனுக்கு 'இன்ஜினியர்' என்று பெயர். படித்த இன்ஜினியர் இல்லை. மருந்துக்கடையில் கல்லாவுக்கு முன்னால் நின்று சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவன். சின்ன வயதில் ஓடாத கடிகாரம் ஒன்றைப் பிரித்து, மறுபடி பூட்டி, ஒரு பகல் முழுக்க ஓட வைத்தான். பேருந்து ஓட்டிவிட்டு வீடு திரும்பிய அப்பா அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டு இன்ஜினியர்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மறுநாள் கடிகாரம் நின்றுபோனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு குழாய், சுவிட்சு, மேசைக்கால் எது போனாலும் ஆள் கூப்பிட விடமாட்டான். "எதுக்கு ஆளு? நான் எதுக்கு இருக்கேன்?" என்பான்.

அம்மா போன பிறகு அப்பா இவன் வீட்டோடு வந்துவிட்டார். வீடு சின்னது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, பின்னால் சமையலறை. மகள் வளர்ந்து, கூடத்தில் தாத்தாவின் கட்டிலுக்கும் அவளுடைய படிப்பு மேசைக்கும் நடுவே நடக்க இடமில்லாமல் போனபோது அக்கா வந்து சொன்னாள்: "அப்பாவ நாங்க கூட்டிட்டுப் போறோம்டா. எங்க வீட்ல ரூம் சும்மாதானே கெடக்கு."

அக்கா வீடு பெரியது. அத்தானுக்கு மரக்கடை. அவர்கள் நல்ல மனதோடுதான் கேட்டார்கள். ஆனாலும் இன்ஜினியருக்கு அது மூஞ்சியில் அடித்தாற்போல இருந்தது. அப்பாவை வைத்துக்கொள்ள வக்கில்லை என்று நாலு பேர் பேசமாட்டார்களா?

"இடமா இல்ல? மேல மச்சு முழுக்கக் காலியா கெடக்கு. தளம் போட்டா ராஜா மாதிரி இருக்கலாம்" என்றான்.

அத்தான் அன்றைக்கே ஏணி வைத்து ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தார். கீழே இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மாப்ளே, அங்க ஓடுற சட்டமெல்லாம் சீலிங் அட்டையத் தொங்க விடறதுக்குப் போட்டது. ஆள் நடக்கறதுக்குப் போட்டதில்ல. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு கனமான சட்டம் சேத்துப் போடணும். கடையில இருக்கு, நான் அனுப்பி வைக்கறேன்."

"பார்த்துக்கறேன் அத்தான்" என்று இவன் சொன்னான். மரக்கடைக்காரர் மரம் விற்கத்தானே பார்ப்பார் என்று அன்றிரவு மனைவியிடம் வாய் கூசாமல் சொல்லவும் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. பழைய சட்டங்கள்மேலேயே பலகையைப் பரப்பினான். புதிதாக ஒரு ரசமட்டம் வாங்கி வந்திருந்தான். அதன் குழாய்க்குள் நகரும் குமிழி நடுவில் வந்து நிற்கவேண்டும் என்பதே அவனுக்குக் குறி. சட்டம் தாழ்ந்திருந்த இடங்களில் மருந்துப் பெட்டி அட்டைகளை மடித்துச் செருகி உயர்த்தினான். மின்கம்பி போக வழியில்லாத இடத்தில் சட்டத்தையே பாதிவரை வெட்டி வழி பண்ணினான். இரண்டு பலகைகளின் முனைகள் சட்டத்தின்மேல் சந்திக்காமல் அந்தரத்தில் சந்தித்தால் அடியில் ஒரு துண்டை வைத்து ஆணி அடித்தான். மேலே பார்க்க எல்லாம் கண்ணாடிபோல இருந்தது. ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நின்றது. அதை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினான்.

தளம் முடிந்த அன்று அப்பா முதல்முதலாக ஏறினார். வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர். பாரம் ஏறிய வண்டிக்கு அடியில் சாலை என்ன சொல்கிறது என்பதைப் பாதத்தால் கேட்டுப் பழகியவர். சுவரோரமாக நின்றார். ஒரு காலை முன்னால் வைத்து, மெல்ல அழுத்தி, எடுத்துக்கொண்டார். மகன் முகத்தைப் பார்த்தார்.

"பிரமாதம்டா இன்ஜினியர்" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது என்று அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

அப்பாவைக் கூடத்தில் கட்டிலில் கிடத்தினார்கள். அவர் நெற்றியிலும் புருவத்திலும் சீலிங் தூசி படிந்திருந்தது. பேத்தி ஈரத்துணி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணோரம்வரை துடைத்துவிட்டாள். அத்தானுடைய முழங்காலுக்குக் கீழே பலகைச் சிம்பு நீளமாகக் கிழித்திருந்தது. தையல்காரர் வீட்டிலிருந்து வந்த பஞ்சை வைத்து அக்கா கட்டிக்கொண்டிருந்தாள். இரத்தம் நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடுங்க" என்றாள் அக்கா.

"மாமாவ அனுப்பிட்டுப் போறேன்."

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் முதலில் அப்பாவைப் பார்த்தார்கள். பிறகு அவர்கள் கண் தானாகவே மேலே போனது. சீலிங்கில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குப் பொத்தல். அதன் வழியாக மச்சு அறையின் கூரை ஓடும், ஒரு கொடிக்கயிறும், அதில் தொங்கிய அப்பாவின் துண்டும் தெரிந்தன. கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒவ்வொருவரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். இன்ஜினியருக்குச் சட்டையில்லாமல் நடுத்தெருவில் நிற்பதுபோல இருந்தது.

மருந்துக்கடை முதலாளி மட்டும் கேட்டுவிட்டார். "என்னப்பா இது, மேல?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அத்தான் நாற்காலியிலிருந்தே சொன்னார்: "என் வேலைதான் சார். தின்னு கொழுத்த உடம்பு. கால் வழுக்கி, பாரம் முழுக்க ஒரே எடத்துல எறங்கிடுச்சு. எந்தத் தளமா இருந்தாலும் தாங்காது."

முதலாளி தலையாட்டினார். இன்ஜினியர் தரையைப் பார்த்தான். 'பார்த்துக் கால வைக்கக் கூடாதா' என்று தான் கத்தியது அவன் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டது. அதைத் தையல்காரர் கேட்டிருப்பார், மெக்கானிக் கேட்டிருப்பார், பொத்தல் வழியாகக் கீழே இருந்த அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள்.

பொத்தலுக்கு ஏதாவது துணியைக் கட்டி மறைக்கலாம் என்று ஏறினான். மேல்படியில் நின்றபோதுதான் அறையை முதல்தடவையாகப் பார்ப்பதுபோல இருந்தது. கட்டில் நடுவில் இல்லை, ஜன்னலோரத்திலும் இல்லை. கூரை தாழ்ந்து தலை இடிக்கிற ஒரு தோதில்லாத இடத்தில் கிடந்தது. கீழே கூடத்தையும் படுக்கையறையையும் பிரிக்கிற சுவர் அந்தக் கட்டிலுக்கு நேர் அடியில் போகிறது என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. துணிப்பெட்டி வெளிச்சுவர்மேல். தண்ணீர்ப் பானை அதன் பக்கத்தில். கட்டிலிலிருந்து படிவரை ஒரே ஒரு வரிசை ஆணிகள் மட்டும் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து வெள்ளிபோல மின்னின. மற்ற வரிசைகளில் துரு.

நாற்காலி வாங்கி வந்து கொடுத்தபோது, "தரையில உக்காந்தாதான்டா முதுகுக்கு நல்லது" என்று திருப்பி அனுப்பினாரே. பீரோவைத் தூக்கிவரப் போனபோது, "ரெண்டு சட்டைக்கு எதுக்குடா பீரோ" என்று சிரித்தாரே. எளிமையான மனிதர் என்று கடையில் பெருமை பேசியிருக்கிறான்.

அதைவிட இன்னொன்று வந்து நெஞ்சில் நின்றது. போன வருடம் கடையில் கூட வேலை செய்கிறவர் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தார். மச்சைக் காட்டுகிறேன் என்று இவன் அவர்களைப் படிவரை கூட்டிக்கொண்டு போனான். மேலிருந்து அப்பா குரல் கொடுத்தார்: "இப்ப வேணாம்டா. எனக்குத் தூங்கணும்." அவர்கள் சங்கடப்பட்டுத் திரும்பினார்கள். விருந்தாளிகள் போன பிறகு இவன் படியடியில் நின்று கத்தினான்.

"நான் கட்டின ரூமுக்குள்ள வர நானே பர்மிஷன் கேக்கணுமா? வாடகைக்கு இருக்கறவன்கூட இப்படிப் பண்ணமாட்டான்!"

அப்பா மேல்படியில் வந்து உட்கார்ந்தார். "கோச்சுக்காதடா" என்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. இவன்தான் பல நாள் பேசாமல் இருந்தான்.

துணி கட்டாமலேயே இறங்கி வந்தான்.

சமையலறையில் மனைவி வந்தவர்களுக்குத் தேநீர் வடித்துக்கொண்டிருந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு நின்றான்.

"எத்தன பேருக்குத் தெரியும்?"

அவள் வடிகட்டியைத் தட்டிவிட்டு, அடுத்த தம்ளரை எடுத்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"எல்லாருக்கும்."

"பாப்பாவுக்கு?"

"அவளுக்குத்தான் மொதல்ல சொன்னார். குதிச்சு வெளையாடற பிள்ளையாச்சே. ரெண்டு பேரும் மேல்படியில உக்காந்துதான் பேசிக்குவாங்க. அறைக்குள்ள ஒரு நேரத்துல ஒரு ஆள்தான் இருக்கலாம்னு அவரே சட்டம் போட்டுட்டார்."

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டார்."

"நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்? கோச்சுப்பேன். அவ்வளவுதானே?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் அதத்தான் சொன்னேன். கோச்சுக்கிட்டா ஆறிடும் மாமான்னு. 'கோவம் ஆறிடும்மா. அவன் சுருங்கிடுவான். அப்புறம் ஒரு ஆணிகூட அடிக்கமாட்டான்'னார்."

அடுப்பில் பால் பொங்கியது. இருவரில் யாரும் அதை அணைக்கக் கை நீட்டவில்லை. வழிந்து, தீய்ந்த வாடை வந்த பிறகு அவள்தான் அணைத்தாள்.

மறுபடி கூடத்துக்கு வந்தபோது அவன் கண்ணுக்கு வீடே வேறாகத் தெரிந்தது. மகளுடைய மேசை சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது. வெளிச்சம் நன்றாக வருகிறது என்று சொல்லி மனைவி நகர்த்திய மேசை. சாப்பிட உட்காருவதும் எப்போதும் கூடத்தின் ஓரத்தில்தான். மின்விசிறிக் காற்று அங்கேதான் படுகிறது என்பாள். அவன் போட்ட தளத்துக்கு மேலே அப்பாவும், அடியில் மனைவியும் மகளும் இத்தனை வருடம் மூச்சுக்காட்டாமல் ஒதுங்கி ஒதுங்கி வாழ்ந்திருக்கிறார்கள். அவன் மட்டும் நடுக்கூடத்தில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கியிருக்கிறான்.

வண்டி வருவதற்குச் சற்று முன்னால் அப்பாவோடு வேலை பார்த்த பழைய கண்டக்டர் வந்து சேர்ந்தார். கைத்தடி ஊன்றி வந்தவர், கட்டில் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். அழவில்லை. அப்பாவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, யாரைப் பார்த்தும் சொல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

"எங்க ரூட்ல ஒரு பழைய பாலம். மழைக்காலத்துல அது ஆடும். வேற டிரைவருங்க கண்ண மூடிக்கிட்டு ஓட்டிடுவானுங்க. இவன் மட்டும் வண்டிய நிறுத்திடுவான். 'எல்லாரையும் எறக்குடா'ம்பான். ஜனங்க திட்டும். நனைஞ்சுக்கிட்டு நடந்து அந்தப் பக்கம் போகும். எல்லாரும் போய்ச் சேந்த பிறகு, இவன் தனியா வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டு வருவான். 'நானும் வரேண்டா துணைக்கு'ம்பேன். 'நீயும் எறங்கு'ம்பான்."

கேட்டவர்களில் சிலர் புன்னகைத்தார்கள். ஒருவர், "தங்கமான மனுஷன்" என்றார். சுவரோரமாக நின்றிருந்த பேத்தி திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு படுக்கையறைக்குள் ஓடினாள். இன்ஜினியர் அவள் பின்னால் போகவில்லை. போய் என்ன சொல்வது?

அடக்கம் முடிந்து திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அத்தான் அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார். காலில் தையல் போட்டார்கள்.

சில வாரங்கள் அந்தப் பொத்தல் அப்படியே கிடந்தது. அதற்கு அடியில் நடக்கும்போதெல்லாம் இன்ஜினியர் தோளைக் குறுக்கிக்கொண்டான். கடையில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். சமையலறைக் குழாய் ஒழுகியபோது, "ஆளக் கூப்பிடு" என்றான். மனைவி அவனையே பார்த்தாள். பிறகு அக்காவுக்குப் போன் பண்ணினாள்.

அடுத்த ஞாயிறு காலையில் வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. அத்தான் காலை இழுத்து இழுத்து இறங்கினார். லாரி நிறையச் சட்டங்களும் பலகைகளும்.

"மாப்ளே, ரம்பத்த எடு" என்றார்.

பழைய பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள். அடியிலிருந்து மருந்துப் பெட்டி அட்டைகள் வந்தன. ஈரத்தில் நைந்து, பாரத்தில் அப்பளமாக நசுங்கி. மாத்திரைப் பெயர்கள்கூட அழியவில்லை. அத்தான் அவற்றைப் பார்க்காததுபோல ஒரு சாக்கில் போட்டார். பாதி வெட்டிய சட்டம் வந்தபோது கொஞ்ச நேரம் அதன்மேல் விரலை ஓட்டினார். பிறகு அடுத்த பலகைக்குப் போனார்.

பழைய சட்டம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் புதுச் சட்டம், இரண்டு மடங்கு ஆழத்தில், சுவரிலிருந்து சுவர்வரை, நடுச்சுவர்மேல் அழுந்தி உட்காரும்படி ஏறியது. சட்டங்களுக்கு இடையே கட்டைகளை முடுக்கினார்கள். ஒன்று அசைந்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். நூல் கட்டி மட்டம் பார்த்தார்கள். தாழ்ந்த இடத்துக்கு மரத்தைச் சீவிச் சக்கை வைத்தார்கள். பலகை முனைகள் எல்லாம் சட்டத்தின் முதுகிலேயே சந்தித்தன. ஆணிக்குப் பதில் திருகாணி.

"இங்க அறுக்கலாமா மாப்ளே?"

"அறுக்கலாம் அத்தான்."

"இல்ல, இன்னும் ஒரு விரல் தள்ளியா?"

"சரி அத்தான்."

அத்தான் ரம்பத்தைக் கீழே வைத்தார். "ஏதாவது சண்ட போடேன்யா. நீ இப்படி மண்டைய மண்டைய ஆட்டினா எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது."

இன்ஜினியர் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "அன்னிக்கு உங்களத் திட்டினேன்" என்றான்.

"திட்டினியா? எனக்கு வலியில எதுவும் காதுல விழல."

"விழுந்திருக்கும்."

அத்தான் காலை நீட்டி, தையல் போட்ட இடத்துக்கு மேலே தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"மாமா ஒரு தடவ எங்க வீட்டுக்கு வரேன்னு ஒத்துக்கிட்டார். முட்டி வலி, படி ஏற முடியலன்னு. நான் வண்டியோட வந்தேன். வந்து பார்த்தா நீ கூரையில ஏறி நிக்கற. அவருக்குக் காத்து வரட்டும்னு ஓட்டப் பிரிச்சு ஜன்னல் வைக்கற. மாமா வாசல்ல நின்னு உன்னையே அண்ணாந்து பாத்தார். 'நீ கெளம்பு மாப்ள, இன்னொரு நாள் பாத்துக்கலாம்'னார். அந்த இன்னொரு நாள் வரவே இல்ல."

இன்ஜினியர் திருகாணி டப்பாவைக் கிளறினான். வேண்டிய அளவு கைக்குக் கிடைக்கவில்லையோ என்னவோ, கிளறிக்கொண்டே இருந்தான். அத்தான் ரம்பத்தை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனார்.

கடைசிப் பலகை இறங்கியபோது மதியம் தாண்டியிருந்தது. அத்தான் எழுந்து நடு அறைக்குப் போய், நல்ல காலால் ஒரு தடவை ஓங்கி மிதித்தார். தளம் 'ம்' என்று ஒரு சத்தம் மட்டும் போட்டது.

"ஏய், எல்லாரும் மேல வாங்க!" என்று படிப்பக்கம் குரல் கொடுத்தார். "சாப்பாட்ட எடுத்துக்கிட்டு வாங்க. இங்கயே சாப்பிடுவோம்."

அக்கா பாத்திரத்தோடு ஏறினாள். மனைவி தட்டுகளோடு ஏறினாள். மகள் இரண்டு படியாகத் தாண்டி வந்து, வாசலில் ஒரு கணம் நின்றாள். தாய் முகத்தைப் பார்த்தாள். பிறகு நேராக நடு அறைக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒருவர் பக்கத்தில் ஒருவராக எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மரத்தூள் வாசனையோடு சோற்றின் ஆவி கலந்தது. அக்கா ஏதோ சொல்ல, அத்தான் உரக்கச் சிரித்தார்.

இன்ஜினியர் கைகழுவக் கீழே போயிருந்தான். திரும்பி ஏறி வந்தவன் மேல்படியில் அப்படியே உட்கார்ந்துகொண்டான்.

"உள்ள வாடா தம்பி" என்றாள் அக்கா.

"இருக்கட்டும்க்கா. கால் அழுக்கா இருக்கு."

"கழுவிட்டுத்தானே வந்தே?"

"இங்கயே கொடு."

மனைவி அவனைப் பார்த்தாள். நகர்ந்து, தனக்கும் மகளுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும்படி இடம் விட்டாள். அவன் அசையவில்லை. மறுபடி யாரும் கூப்பிடவில்லை. அவள் எழுந்து வந்து அவன் மடியில் தட்டை வைத்துவிட்டுப் போனாள். விட்ட இடம் அப்படியே இருந்தது.

முதல் கவளத்தை எடுத்தான். மறுபடி தட்டிலேயே வைத்தான்.

மகள் அவனைத் திரும்பிப் பார்க்காமலேயே ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். விளிம்புவரை ஊற்றி, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை எட்டும்வரை நீட்டி, அதைப் புதுப் பலகைமேல் அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள். தம்ளர் அவளுக்கும் படிக்கும் பாதி வழியில் நின்றது.

எடுக்கவேண்டுமென்றால் அவன் எழுந்து உள்ளே இரண்டடி வைக்கவேண்டும். தட்டை மடியில் பிடித்தபடி அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் விளிம்போடு விளிம்பாக, ஒரு பக்கமும் சாயாமல், அசையாமல் நின்றது.